குறைத்துச் சொன்ன காற்று

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்பீர்கள். சரியான விடைதான். நானும் அதை எழுதித்தான் விமானங்களுக்கு வழி சொல்லும் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் நான் வந்து சேர்ந்த இடத்தில் மாரிகாலம் முழுக்க அந்த விடையை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓடுபாதையைச் சொல்கிறேன். சண்டைக் காலம். ஓடுபாதை படையினரின் முகாமுக்குள் இருந்தது. மருந்து, நிவாரணம், எப்போதாவது பயணிகள் என்று வந்து போகும் சின்ன விமானங்களைக் கவனிப்பதற்காக எங்களைப் போன்ற சிவில் ஆட்கள் சிலரைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வைத்திருந்தார்கள். நான் அன்புவழிபுரத்திலிருந்து போய் வருவேன். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்க வேண்டும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், இது பருப்பு, இது கத்தரிக்காய் என்று விளக்கம் கொடுக்க வேண்டும். கோபுரத்துப் படி ஏறும்போதே பாதிக் களைப்பு வந்துவிடும். மிச்சப் பாதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

அந்த ஓடுபாதையின் ஒரு முனை கடலைப் பார்த்திருந்தது. மற்ற முனை கப்பல்துறைப் பக்கத்துக் காட்டைப் பார்த்திருந்தது. வருஷத்தின் நடுவில் வீசும் கச்சான் காற்று காட்டுப் பக்கமிருந்து வரும். அந்தக் காலத்தில் விமானம் கடலுக்கு மேலால் வந்து கச்சானை எதிர்த்து இறங்கும். புத்தகத்துக்கும் திருப்தி, விமானிக்கும் திருப்தி. மாரியில் வாடை தொடங்கினால்தான் கரைச்சல். வாடை கடலிலிருந்து வரும். அதை எதிர்த்து இறங்குவதென்றால் காட்டுக்கு மேலால் தாழப் பறந்து வரவேண்டும். காட்டுக்குள் யார் துவக்கோடு நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு விமானத்தின் சிறகில் ஓட்டை விழுந்த பிறகு, அந்தப் பக்கத்தால் ஒருவரும் வரக்கூடாது என்று முகாமில் கட்டளை போட்டுவிட்டார்கள். ஆகவே மாரியிலும் கடல் பக்கத்தால்தான் வரவேண்டும், வாடை முதுகில் பிடித்துத் தள்ளத் தள்ள.

பின்காற்றோடு இறங்குவது, இறக்கத்தில் சைக்கிளுக்குப் பிரேக் பிடிப்பது மாதிரி. நிற்கும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்காது. எங்கள் ஓடுபாதையிலோ காட்டுப் பக்கத்துப் பாதி பெயர்ந்து குழியாகி மூடிக் கிடந்தது. மிச்சம் இருந்த பாதிக்குள் நிற்க வேண்டும். அந்தச் சின்ன விமானங்களுக்குப் பின்காற்று பத்து நொட், அதாவது மணிக்குப் பத்துக் கடல்மைல், வரைக்கும்தான் எல்லை. அதற்கு மேலே போனால் விமானி திரும்பிப் போய்விட வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் கோபுரத்தில் ஒரு பழக்கம் வந்தது. காற்றைக் குறைத்துச் சொல்வது.

தொடங்கி வைத்தவன் சலீம். கிண்ணியாக்காரன், என்னிலும் இளையவன், எனக்கு அடுத்த முறை வேலைக்கு வருபவன். அவனைப் போல இளகிய மனம் உள்ள ஒருவனை நான் அந்த முகாமுக்குள் வேறெங்கும் காணவில்லை. யாராவது கையை வெட்டிக்கொண்டு வந்தால் காயத்தைப் பார்க்கும் முன்பே "ஒண்டுமில்ல, சின்னக் கீறல்தான்" என்பான். சாவீட்டுக்குப் போனால் செத்தவரைத் தவிர மற்ற எல்லோரும் நன்றாயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வருவான். ஒரு மாரியில் ஆசுபத்திரிக்கு மருந்து கொண்டுவந்த விமானம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. காற்று மானியின் முள் பன்னிரண்டில் நின்றது. விமானி காற்றைக் கேட்டார். சலீம் எட்டு என்றான். விமானம் இறங்கியது, மருந்தும் இறங்கியது. கீழே நின்ற தாதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு என்ன? ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள், கோபுரத்தோடும் ஒத்து வாழ்ந்தோம். ஒருவருக்கொருவர் இதைப் பற்றி வாய்விட்டுக் கதைத்ததே இல்லை. முள் பதினொன்றில் நின்றால் ஏழு, பதின்மூன்றில் நின்றால் ஒன்பது. வருகிறவர்கள் கைதேர்ந்த விமானிகள், எப்படியும் இறக்கிவிடுவார்கள், நாங்கள் எண்ணைச் சொல்லி ஏன் அவர்களைக் கலைக்க வேண்டும்? இப்படித்தான் எங்கள் நியாயம் இருந்தது. கெட்ட எண்ணத்தில் நடந்த காரியம் இல்லை, பிள்ளைகளே. கெட்ட எண்ணத்தில் நடந்திருந்தால் எங்களில் ஒருவராவது கட்டாயம் எதிர்த்திருப்பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

சலீமின் மனைவிக்கு அது முதற்பிள்ளை, மாதம் நிறையவில்லை. இரத்தப்போக்குத் தொடங்கித் திருகோணமலை ஆசுபத்திரியில் சேர்த்திருந்தார்கள். இங்கே வைத்துப் பார்க்க ஏலாது, கொழும்புக்குக் கொண்டு போனால்தான் தாயையாவது காப்பாற்றலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். றோட்டில் சண்டை. கண்டி வீதி மூடிக் கிடந்தது. மருந்து கொண்டுவரும் நிவாரண விமானம் ஒன்று அன்று பின்னேரம் வரவிருந்தது. போகும்போது அவளை ஏற்றிக்கொண்டு போக அவர்கள் சம்மதித்தார்கள். அம்புலன்ஸ் வந்து கோபுரத்தின் கீழே நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாதி ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள்.

வேலையில் நான் இருந்தேன். விமானத்தின் சத்தம் கேட்டதும் சலீம் மேலே ஓடிவந்தான். சேட்டில் இரத்தம் பட்டிருந்தது. என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். நான் திரும்பிப் பார்த்து "இரு" என்றேன். இருக்கவில்லை.

விமானியோடு கதைப்பது ஆங்கிலத்தில்தான். உங்களுக்காக எங்கட தமிழிலேயே சொல்கிறேன். அவர் காற்றைக் கேட்டார். நான் முள்ளைப் பார்த்தேன். ஒன்பது. வாடை நேராகக் கடலிலிருந்து, ஒன்பது நொட். எல்லைக்கு உள்ளேதான். பொய்யே தேவையில்லாத ஒரு நாள், அதுவும் இந்த நாளில் வாய்த்திருக்கிறதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. முள்ளில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

"ஒன்பது."

பிறகு அவர் சொன்னார், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்னால இறங்க ஏலாது. நான் திரும்பிப் போறன்."

எனக்கு விளங்கவில்லை. "ஒன்பதுதானே, எல்லைக்கு உள்ளுக்குத்தானே இருக்குது" என்றேன்.

"உங்கட ஒன்பது எனக்குத் தெரியும். முந்தி ஒருக்கா மருந்தோட வந்தபோது உங்கட கோபுரத்தில எட்டு எண்டு சொன்னதை நம்பி இறங்கி, குழி துவங்கிற இடத்திலதான் போய் நிண்டனான். அதுக்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் அஞ்சைக் கூட்டித்தான் பார்க்கிறனான். இங்க வாற எல்லாரும் அப்பிடித்தான். உங்கட ஒன்பது பதினாலு. ஓடுபாதையும் ஈரம். எனக்குப் பின்னால ரெண்டு பேர் இருக்கினம். நோயாளி நிக்கிறது எனக்குத் தெரியும். என்னை மன்னியுங்கோ."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஒலிபெருக்கியில் வந்ததால் சலீமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த எட்டைச் சொன்னது அவன்தான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இளகிய மனத்தோடு அவன் போட்ட ஒரு கணக்கு எத்தனையோ விமானிகளின் வாய்க்குள் போய், கொழும்பில் சுற்றி, அவன் மனைவி கீழே கிடக்கும் நேரம் பார்த்துத் திரும்பி வந்திருந்தது.

விமானம் தெற்கே திரும்பத் தொடங்கியது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கிழக்கே கடலில் ஒரு மழைக் கறுப்பு வேறு எழும்பி வந்துகொண்டிருந்தது. அது வந்தால் காற்றும் கூடும், கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

சலீம் குனிந்து என் காதுக்குள் சொன்னான். "அண்ணன், நாலு எண்டு சொல்லுங்க. காத்து குறைஞ்சிட்டு, இப்ப நாலு எண்டு சொல்லுங்க. அவர் அஞ்சக் கூட்டினா ஒம்பது வரும். உள்ளதத்தான அவர் கேப்பார்."

பிள்ளைகளே, இந்த வேலையில் இருந்த காலம் முழுக்க இவ்வளவு நேர்த்தியான பொய்யை நான் கேட்டதில்லை. கணக்கில் பிழை இல்லை. நாலைச் சொன்னால் அவர் மனதில் ஒன்பதுதான் நிற்கும், முள்ளிலும் ஒன்பதுதான் நிற்கிறது. யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. கீழே ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறந்து ஒரு சின்ன எண்ணைச் சொல்வதுதான். என் விரல் பேசும் பொத்தானில் இருந்தது.

அமத்தவில்லை. பெரிய நேர்மையால் இல்லை, பயத்தால். இப்போதுதான் ஒன்பது என்றவன் உடனே நாலு என்றால், அந்த மனிசன் எத்தனையைக் கூட்டுவார்? அஞ்சையா, பத்தையா? இனி நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அது அவருக்கு எண் இல்லை. அந்த வானொலியில் எங்களுடைய சொல் செத்துப் போயிருந்தது. செத்த சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரைத் தரைக்குக் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. எங்களை நம்பாமல் அவர் எதை நம்புவார் என்றுதான் யோசித்தேன். அவர் கண்ணைத்தான் நம்புவார்.

பொத்தானை அமத்திச் சொன்னேன். "நீங்கள் சொல்லுறது சரி. முந்திச் சொன்னதுகள் குறைச்சுச் சொன்னதுதான். இண்டைக்குச் சொன்னது குறைக்காதது. என்னை நம்ப வேண்டாம். கொட்டியாரக் குடாவுக்கு மேலால ஒருக்கா போய்க் கடலைப் பாருங்கோ. பதினாலு எண்டால் குடா முழுக்க அலை வெள்ளை நுரை அடிக்கும். உங்களுக்குத் தெரியும். பார்த்திட்டு நீங்களே சொல்லுங்கோ காத்து எத்தனை எண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் பதிவுக் கருவி சுழல்வதைக் கண்டேன். எங்கள் பேச்சு நாடாவில் பதிவாகிக்கொண்டிருந்தது. முகாமிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு தமிழன், சண்டைக் காலத்தில், படையினரின் கோபுரத்தில் இருந்துகொண்டு, விமானங்களுக்கு இவ்வளவு நாளும் பொய்க் காற்றுச் சொன்னோம் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். இதை வேறு மாதிரி வாசிக்க விரும்புகிறவனுக்கு எவ்வளவு வசதி. ஆனாலும் தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாணென்ன, முழமென்ன.

விமானம் தெற்கே போகும் பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. சலீம் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். பிறகு சிறகு சரிந்தது. விமானம் குடாவின் பக்கம் வளைந்தது.

குடாவுக்கு மேலே தாழப் பறந்து ஒரு சுற்றுச் சுற்றினார். மழைக் கறுப்பு இன்னும் கிட்ட வந்துவிட்டது. முள் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ஆடியது. நான் அந்த முள்ளைப் பார்த்த மாதிரி என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடத் தேர்மோமீற்றரைப் பார்த்ததில்லை.

"வெள்ளை இருக்குது," என்றார். என் கண் மறுபடி முள்ளுக்குப் போனது. "ஆனா அங்கொண்டும் இங்கொண்டும்தான். இது பதினாலு இல்லை. ஒன்பது, பத்து இருக்கும்."

"ஓம்," என்றேன். "முள்ளும் அதைத்தான் சொல்லுது. கிழக்கால மழை வருது. வாறதெண்டால் இப்பவே வாங்கோ. மழை முந்தினால் நானே உங்களைத் திருப்பி அனுப்புவன்."

"வாறன்."

கடலுக்கு மேலால் வந்தார். ஓடுபாதை தொடங்குகிற இடத்திலேயே சக்கரத்தைத் தொட வைத்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் சீறியது. விமானம் ஓடியது, ஓடியது, நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். மூடிய பகுதிக்கு நன்றாக இங்காலேயே நின்றது. நான் திரும்பிப் பார்க்கும்போது சலீம் அங்கே இல்லை. படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இயந்திரத்தை நிறுத்தாமலே மருந்துப் பெட்டிகளை இறக்கினார்கள், அவளை ஏற்றினார்கள். கூடப் போக ஒருவருக்கு இடம் இருந்தது, சலீம் ஏறினான். மேலே கிளம்புவது கடலைப் பார்த்து, காற்று எதிரே. அது நல்ல காற்று. மழையின் முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தபோது முள் பதினைந்துக்கு ஏறியிருந்தது. விமானி காற்றைக் கேட்டார், "பதினைஞ்சு" என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். எத்தனையைக் கூட்டினாரோ, கூட்டவில்லையோ, நான் அறியேன்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முகாமில் ஒரு அதிகாரி, எங்கள் திணைக்களத்திலிருந்து ஒருவர். கேட்டதற்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். யார் தொடங்கியது என்று கேட்டார்கள். கோபுரம் முழுக்கத்தான் என்று சொன்னேன், அதுவும் உண்மைதான். முகாம் அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, காட்டுப் பக்கத்தால் வரவேண்டாம் என்று கட்டளை போட்டபோது காற்றைப் பற்றித் தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே என்றார். நாங்களும் சொல்லவில்லைதான். கட்டளையோடு வாதாடுவதை விட முள்ளோடு வாதாடுவது எங்களுக்குச் சுகமாக இருந்தது. கண்டித்தார்கள், எச்சரித்தார்கள், வேலை தப்பியது. அந்த அதிகாரி நல்ல மனிசன். வாடை கடுமையான நாட்களில் விமானம் வரும் நேரத்துக்குக் காட்டோரம் ஆட்களை நிறுத்தி, அந்தப் பக்கத்தால் இறங்க விடுவதற்குப் பிறகு ஒழுங்கு செய்தார். முன்பே ஒருவராவது போய்க் கேட்டிருந்தால் முன்பே செய்திருப்பார்.

நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு கதிரையில் இருப்பீர்கள். மேலே இருப்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் நல்லது செய்ய உங்களுக்கு மனம் துடிக்கும். துடிக்கட்டும், துடிக்காதவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். ஆனால் அந்த நல்லதை எண்ணுக்குள் கலக்க வேண்டாம். வேறு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். தொலைபேசியை எடுத்து அதிகாரியோடு சண்டை பிடியுங்கள், விமானிக்கு இன்னொரு வழி தேடிக் கொடுங்கள், அம்புலன்சுக்குத் தேத்தண்ணி அனுப்புங்கள். முள்ளில் நிற்பதை மட்டும் முள்ளில் நிற்கிறபடியே சொல்லுங்கள்.

சலீமிடமிருந்து சில நாட்களாக ஒரு செய்தியும் வரவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பது அந்த நாளில் இலேசான காரியமா? ஒரு நாள் காலையில் நான் வேலையில் இருக்கும்போது கோபுரத்துக்கு அழைப்பு வந்தது. இரைச்சலுக்குள் அவன் குரல்.

"அண்ணன், பொஞ்சாதி தப்பிட்டா. ரத்தம் ஏத்தினாங்க. இப்ப கண் முழிச்சுக் கதைக்கிறா."

"புள்ளை?"

"ஆம்பிளப் புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. பாதிக்குப் பாதி எண்டு டொக்டர் சொல்றார்."

"பாதிக்குப் பாதியா?" என்று திருப்பிக் கேட்டேன். சொல்கிறவன் சலீம். வெட்டுக்காயத்தைக் கீறல் என்பவன். பாதிக்குப் பாதி என்று அவன் சொன்னால் உள்ளது என்னவாக இருக்கும் என்று என் மனம் தன் பாட்டில் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. அந்த விமானி இருந்த இடத்தில் இப்போது நான் இருந்தேன். அவனுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

"அண்ணன்," என்றான். "குறைச்சுச் சொல்லல்ல. அவர் சொன்னது அதுதான்."

அந்தப் பிள்ளை பிழைத்தான், இப்போது கிண்ணியாவில் கடை வைத்திருக்கிறான், ஆளும் நல்ல உயரம். ஆனால் அது பிறகு. அன்று அது யாருக்குத் தெரியும்? அன்று காலையில் என்னிடம் இருந்தது சலீமின் சொல் ஒன்றுதான். "சரி, சலீம்" என்றேன். அவன் சொன்ன பாதியைப் பாதியாகவே நம்பினேன்.